பாறையடிக் காட்டெலுமிச்சை

என் கணவரைப் பற்றி யாராவது "தங்கமான மனுஷர்" என்று சொன்னால் நானும் ஆமாம் என்றுதான் தலையாட்டுகிறேன். அது பொய்யில்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், குரலை உயர்த்திக்கூடப் பேச மாட்டார். ஆனால் தலையாட்டும்போதே ஆத்திரமும் வரும். அந்தத் தங்கமான மனுஷர்தான் என் மரத்தைப் பெயர்த்து இன்னொருத்திக்குக் கொடுத்தார். என்னுடைய நன்மைக்காகவே கொடுத்தார். வேறு எதற்காகக் கொடுத்திருந்தாலும் இந்நேரம் மறந்திருப்பேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தோம். அவர் திருச்சியில் ஓர் அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா. நான் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளியில் சயின்ஸ் டீச்சர். பள்ளி லைப்ரரிக்கு வெளிநாட்டிலிருந்து பழைய பத்திரிகைகள் மூட்டையாக வந்து இறங்கும். அப்படி வந்த ஒன்றில்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். ஜப்பானில் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி, மலைச்சரிவில் தொங்கியபடி ஜூனிபர் என்ற ஊசியிலை மரம் ஒன்றைப் பெயர்க்கிறார். அடுத்த பக்கத்தில் அதே மரம், 'போன்சாய்' என்ற குட்டை மரமாக, ஒரு தட்டையான பாத்திரத்தில் நிற்கிறது. முழங்கை உயரம்தான் இருக்கும். அடிமரம் ஈரத்துணியைப் பிழிந்தது போல முறுக்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் செத்து எலும்பாக வெளுத்துப் போயிருக்க, மறுபக்கத்தில் மட்டும் உயிர் ஓடி உச்சியில் பச்சையாக முடிந்திருந்தது. அன்று பாடம் எடுக்கும்போதெல்லாம் அந்த மரமே கண்ணில் நின்றது.

எங்கள் பக்கம் ஜூனிபர் ஏது? இருக்கிறதைத் தேடினேன். பழைய மதில்களிலும் கிணற்றுச் சுவர்களிலும் காக்கை எச்சத்தில் முளைத்த ஆலும் அரசும் இருந்தன. சுண்ணாம்புக் காரைக்குள் வேர் ஓட இடமில்லாமல் அவை தாமாகவே குட்டையாகிக் கிடக்கும். அவற்றைப் பிடுங்கி வந்து, குயவரிடம் சொல்லி வாங்கிய தட்டை மண் பாத்திரங்களில் நட்டு மொட்டை மாடியில் வைத்தேன். அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். என் கணவர் சிரிக்கவில்லை. காவிரித் தண்ணீரைக் குடத்தில் எடுத்து வந்து அவரே ஊற்றுவார். ஆபீஸில் போய்ப் பெருமையடிப்பார். இதையும் சொல்லாமல் விட்டால் கதை நியாயமாக இருக்காது.

பச்சைமலைக்கு முதல் தடவை பள்ளிப் பிள்ளைகளோடு போனேன். இலை, காய், விதை சேகரிக்க அழைத்துப் போயிருந்தோம். ஒரு சாமைக் கொல்லையின் ஓரத்தில் பெரிய பாறை. அதன் அடியில் மண் தேங்கிய பள்ளத்தில் ஒரு காட்டெலுமிச்சை நின்றது. ஆடுகள் தலைமுறை தலைமுறையாகக் கடித்துக் கடித்து அதை இடுப்பளவுக்கு மேல் வளர விடவில்லை. மேலே போக முடியாமல் அடிமரம் தொடை கனத்துக்குப் பெருத்திருந்தது. எப்போதோ காட்டுத்தீ ஒரு பக்கத்தைத் தின்றிருக்க வேண்டும். அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று கட்டையாக இருந்தது. மறுபக்கத்தில் பட்டை முறுக்கிக்கொண்டு ஏறி, உச்சியில் முள்ளும் இலையுமாக ஒரு குடை. இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசனை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளைகள், "டீச்சர், முள்ளு குத்திடிச்சா?" என்று கேட்டார்கள்.

கொல்லைக்குச் சொந்தக்காரி என் வயதுப் பெண். அடுத்த மாதமே கணவரையும் கூட்டிக்கொண்டு போய் அவளிடம் கேட்டேன்.

"இந்த முள்ளுமரத்தையா? எடுத்துட்டுப் போங்க. சீலையெல்லாம் கிழிக்குது" என்றாள்.

"இப்ப எடுக்க முடியாதும்மா. மூணு வருஷம் ஆகும்."

"ஒரு மரத்தப் புடுங்க மூணு வருஷமா?" என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆமாம், மூன்று வருஷம். முதல் வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் மரத்தைச் சுற்றி அரைவட்டமாகக் குழி பறித்து, அகப்படும் தடித்த வேர்களை ரம்பத்தால் அறுத்து, குழியில் மணலும் மக்கிய இலையும் போட்டு மூடிவிட வேண்டும். மழையில், அறுத்த இடத்திலிருந்து பொடி வேர்கள் புறப்படும். அடுத்த வருஷம் மறுபாதி. அந்தப் பக்கமும் வேர் பிடித்த பிறகு, மூன்றாம் வருஷ மழையில் தூக்கலாம். வேர் போனது மரத்துக்கே தெரியக் கூடாது. முதல் வருஷமும் என் கணவர்தான் கடப்பாரை பிடித்தார், இரண்டாம் வருஷமும் அவர்தான். டோல்கேட்டில் துறையூர் பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் அடிவாரம் போய், வெயிலில் நடந்து ஏறி, என் பக்கத்தில் முழங்காலிட்டுக் குழி பறித்தார். அந்த வேரை ஏன் இப்படி அறுக்கிறோம், ஏன் காத்திருக்கிறோம் என்று அவருக்கு அத்தனையும் தெரியும். தெரியாமல் செய்தார் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

இரண்டாம் குழி பறித்த பின், பள்ளியில் ஒரு கண்காட்சி நடந்தது. மாடியிலிருந்த ஆலமரம் ஒன்றைக் கொண்டுபோய் வைத்திருந்தேன். என் கணவருடைய ஆபீஸின் பெரிய அதிகாரி மனைவி வந்திருந்தாள். அவள் மகள் எங்கள் பள்ளியில்தான் படித்தாள்.

"டீச்சர், இது பொம்மையா, நிஜ மரமா?"

"நிஜம்தாங்க."

"ஐயோ, எனக்கு ஒண்ணு வேணுமே!"

"சின்னதா ஒண்ணு எடுத்து எப்படி வளர்க்கறதுன்னு சொல்லித் தரேங்க."

"அவ்வளவு காலம் யாரு காத்திருப்பாங்க? வளர்ந்ததாவே குடுங்களேன்."

நான் சிரித்து மழுப்பினேன். பக்கத்தில் நின்ற என் கணவர் சும்மா இருந்திருக்கலாம். "இதென்னங்க பெரிசு! பச்சைமலையில ஒண்ணு தயார் பண்ணிட்டிருக்கா, அதைப் பாக்கணும் நீங்க" என்றார். பெருமை தாங்கவில்லை அவருக்கு. அந்த அம்மாள் புருவத்தை உயர்த்தி, "அப்படியா?" என்றாள்.

அந்த வருஷம் மாசியில் அவருக்கு ராமநாதபுரத்துக்கு மாற்றல் ஆர்டர் வந்தது. போனால் நான் வேலையை விட வேண்டும். இல்லையென்றால் ஆளுக்கொரு ஊரில் இருக்க வேண்டும். இரண்டு பேரும் சாப்பாடு இறங்காமல் கிடந்தோம். அவர் அதிகாரியின் வீட்டுக்குப் போய் வந்தார், மறுபடியும் போனார். சித்திரையில் ஒரு சாயங்காலம் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்து, "ஆர்டரை நிறுத்திட்டாங்க!" என்றார். நான் பாயசம் வைத்தேன். கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தேன். திரும்பி வரும்போது, "அந்த அதிகாரி நல்லா இருக்கணும்" என்று வாய் நிறையச் சொன்னேன். அந்தப் பாயசத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வைகாசியில் மரம் கோடையைத் தாங்குகிறதா என்று பார்த்து வரக் கிளம்பினேன்.

"இந்த வெயில்ல எதுக்கு? மழை விழுந்தப்புறம் போலாமே" என்றார்.

"நீங்க வேணா இருங்க. நான் போயிட்டு வரேன்."

தனியாக அனுப்ப மனமில்லாமல் அவரும் வந்தார். துறையூரில் நுங்கு வாங்கிக் கொடுத்தார். மலையேறும்போது வழியெல்லாம் "தண்ணி குடிக்கிறியா? உக்காந்துட்டுப் போலாமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பாதி ஏற்றத்தில் நின்று, "ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. கல்லு வழுக்கும், பாத்துப் போ."

பாறையைச் சுற்றிக்கொண்டு போனேன். மரம் இல்லை. அது நின்ற இடத்தில் முழங்கால் ஆழக் குழி. குழியின் சுவரில் கடப்பாரை பிளந்த வேர்கள் நார் நாராகத் தொங்கின. ஒரு பக்கத்தில் நான் போட்ட மணல் அப்படியே சரிந்து கிடந்தது. அதற்குள் தலைமயிர் போல என் மரத்தின் புது வேர்கள், முதல் வருஷத்துக் குழியில் பிடித்தவை, வெயிலில் காய்ந்து கருகியிருந்தன. மரம் என்னை நம்பி விட்ட வேர்கள் அவை. அவற்றையும் சேர்த்து அறுத்துவிட்டு எடுத்திருந்தார்கள்.

நான் குழிக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கும்போதே கொல்லைக்காரி ஓடி வந்தாள்.

"வந்துட்டீங்களா! ஏம்மா, படிச்சவங்கதானே நீங்க? குழியத் தோண்டினா மூடிட்டுப் போவணும்னு தெரியாதா?"

"நான் தோண்டலைம்மா. இப்பத்தான் வரேன். யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்க."

"யாரோவா?" அவள் என் தோளுக்குப் பின்னால் கையை நீட்டினாள். "இந்தா நிக்கிறாரே, இவருதான். அடிவாரத்துல ஜீப்ப நிறுத்திட்டு ரெண்டு ஆளக் கூட்டிட்டு வந்தாரு. டீச்சரம்மா சொல்லித்தான் வந்தேன்னாரு. பொணத்தக் கட்டுற மாதிரி கம்புல கட்டித் தூக்கிட்டுப் போனாங்க."

நான் திரும்பினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். 

"எங்க கிடேரி அந்தக் குழியில உழுந்து காலொடிஞ்சு கெடக்குது. வந்து பாருங்க" என்றாள் அவள். போய்ப் பார்த்தோம். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய காலோடு அந்த இளம் பசு கொட்டகையில் படுத்திருந்தது. எங்களைக் கண்டதும் மிரண்டு எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் விழுந்தது. என் கணவர் சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

"காச உள்ள வைங்க. மொதல்ல போயி குழிய மூடுங்க" என்று மண்வெட்டியையும் கூடையையும் அவர் முன்னால் போட்டாள் கொல்லைக்காரி.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் மண் சுமந்தார். நான் பாறைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கூடை மண்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிப் போனது. கை கொப்பளித்தது. கொப்பளிக்கட்டும் என்று நினைத்தேன்.

"யாருக்குக் குடுத்தீங்க?"

"எங்க பெரிய அதிகாரி வீட்டம்மாவுக்கு."

"எப்ப?"

"சித்திரையில."

"நான் பாயசம் வெச்சதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "முன்னால" என்றார்.

"அப்ப எல்லாம் தெரிஞ்சேதான் அதைக் குடிச்சீங்க."

"உனக்காகத்தானே செஞ்சேன்? ராமநாதபுரம் போயிருந்தா உன் வேலை என்ன ஆகியிருக்கும்? அந்தம்மா வாய்விட்டே கேட்டுட்டாங்க. ஒரு மரம்தானே, வேற ஒண்ணு தேடிக்கலாம்னு நினைச்சேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

இந்தக் கேள்வியை அவர் சாமர்த்தியமாகக் கேட்டதாக நினைத்திருப்பார். கொடுத்திருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. ஒருவேளை, இரண்டு நாள் அழுதுவிட்டுக் கொடுத்தும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அந்தப் பதில் என்னுடையது. நான் இல்லை என்று சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில், எனக்கு வாயே இல்லாதது போல அவர் காரியத்தை முடித்துக்கொண்டார். அதோடு விட்டாரா? மலையேறும் வரை என்னோடு நடந்து வந்து, நுங்கு வாங்கிக் கொடுத்து, அந்தக் குழியை நானே போய்ப் பார்க்கும்படி விட்டார். பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீடு வரும்வரை திரும்பவில்லை.

அதற்கடுத்த வாரம் தயங்கித் தயங்கி வந்து நின்றார். "மரம் வாடுதாம். நீ ஒரு தடவை வந்து பாக்க முடியுமான்னு அந்தம்மா கேட்டாங்க."

என்ன நெஞ்சழுத்தம்! அவரைக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுத் தீர்த்தேன். ஆனாலும் போனேன். மரம் என்ன செய்தது, அதைப் பட்டினி போட?

கன்டோன்மென்ட்டில் பங்களா. போர்ட்டிகோவில், நேர் வெயிலில், பளபளவென்று தேய்த்த பித்தளை உருளிக்குள் என் மரம் இருந்தது. உருளிக்கு அடியில் ஓட்டை ஏது? தோட்டத்துச் செம்மண்ணையும் பச்சைச் சாணியையும் அள்ளி அப்பி, தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். கையை விட்டுப் பார்த்தேன், சேறு. அழுகல் நாற்றம் அடித்தது. இலைகள் பாதி உதிர்ந்து, மீதி மஞ்சளாகத் தொங்கின.

அன்றைக்கே வெளியே எடுத்து, வேரைக் கழுவி, அழுகியதை வெட்டி, மண் தொட்டியில் ஆற்று மணல் போட்டு நட்டு, பின்கட்டில் நிழலில் வைத்து, ஈரச் சாக்கு சுற்றினேன். பள்ளி விட்டதும் பஸ் பிடித்து அங்கே போவேன். சாக்கை நனைத்து, இலைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, அங்கிருந்து ஸ்ரீரங்கம் பஸ் பிடிப்பேன். ஒரு மாதத்துக்கு மேல் இப்படி அலைந்தேன். அந்த அம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பாள். வீட்டுக்கு யாராவது வந்தால், "என் மரத்தைப் பாத்துக்க டீச்சர் வராங்க" என்று அறிமுகம் செய்வாள். என் மரம்! நான் ஈரக் கையோடு நின்று வணக்கம் சொல்வேன்.

ஆடி பிறந்ததும் உயிருள்ள பக்கத்தில் ஒரு துளிர் வந்தது. அரிசி அளவு. நான் பயந்தேன். வேர் பிடிக்காமலே, கட்டையில் மிச்சமிருக்கும் சாற்றில் மரம் இப்படி ஒரு தடவை துளிர்த்துப் பார்க்கும். "இப்ப இதை அசைக்கவே கூடாதுங்க. மழைக்காலம் முடியற வரைக்கும் இப்படியே இருக்கணும்" என்று சொன்னேன். அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவளும் "சரி சரி" என்றாள்.

அதற்கடுத்த நாள் பள்ளியில் வேலை இருந்து போக முடியவில்லை. மறுநாள் போனேன். மரம் மறுபடியும் போர்ட்டிகோவில், மறுபடியும் உருளிக்குள். வீட்டில் விருந்து நடந்திருக்கிறது. துளிர் விட்ட மரத்தை வந்தவர்களுக்குக் காட்ட வேண்டாமா? துளிர் கறுத்துச் சுருண்டிருந்தது. நகத்தால் பட்டையைக் கீறினேன். பச்சை இல்லை, பழுப்பு. கீழே கீறினேன். அங்கும் பழுப்பு.

"என்ன டீச்சர், போயிடுச்சா?" என்றாள், போர்ட்டிகோ ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள். "ஒரு மாசமா நீங்கதானே கை வெச்சீங்க. சில பேர் கைக்கு ராசி இருக்காது. பரவாயில்ல, விடுங்க."

நான் உருளிக்குள் இரண்டு கையையும் விட்டு மரத்தைப் பிடுங்கினேன். எதிர்ப்பே இல்லாமல் வந்தது. அடிவேரை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். சேறு அவள் ஊஞ்சல் பலகையில் சொட்டியது.

"பாருங்க. கடப்பாரையால பிளந்திருக்கு. இது இங்க வரும்போதே பாதி செத்துதான் வந்துச்சு. மிச்சத்தை நீங்க கொன்னீங்க. ராசியாம் ராசி! ரெண்டு வருஷம் நான் பாத்துப் பாத்து வேர் விட வெச்ச மரம் இது. என்னைக் கேக்காம எடுத்தது. திருட்டு மரத்தை வெச்சு விருந்து வெச்சிருக்கீங்க!"

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். வேலைக்காரப் பெண் துணியோடு வந்து சேற்றைத் துடைத்தாள். மரத்தை ஊஞ்சல்மேல் போட்டுவிட்டு நான் வெளியே வந்தேன். எடுத்து வந்திருக்க வேண்டும். பிறகு கேள்விப்பட்டேன், காய்ந்தாலும் அழகாகத்தான் இருக்கிறது என்று அதற்கு வார்னிஷ் அடித்து ஹாலில் அலமாரியில் வைத்தார்களாம்.

ராமநாதபுரம் ஆர்டர் திரும்ப வந்தது. இந்தத் தடவை உடனே கிளம்பச் சொல்லி வந்தது. என் கணவர் ஆர்டரை மேஜைமேல் வைத்து, "நீ கொஞ்சம் பொறுத்திருக்கலாம்" என்றார். மூன்று வருஷம் பொறுக்கத் தெரிந்தவளைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. வெகுநேரம் சிரித்தேன். அவர் பயந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் வேலையை விடவில்லை. அவர் மட்டும் டிரங்குப் பெட்டியோடு போனார். மாதத்துக்கு ஒருமுறை வருவார். மாடியில் இருந்த ஆலுக்கும் அரசுக்கும் தண்ணீர் ஊற்றுவார், துணி துவைத்துக் காயப்போடுவார், திரும்பிப் போவார். அந்த நாட்களில் சண்டையெல்லாம் போடவில்லை. சண்டை போட்டிருந்தால் சீக்கிரம் தீர்ந்திருக்குமோ என்னவோ.

அந்த ஐப்பசியில் நான் தனியாகவே பச்சைமலை ஏறினேன். கொல்லைக்காரி உட்காரச் சொல்லி, சாமைக் கஞ்சி கொடுத்தாள். கிடேரியின் கால் கூடவில்லை, வந்த விலைக்குத் தள்ளிவிட்டோம் என்றாள். சரிவுக்கு மேலே இன்னொரு காட்டெலுமிச்சை இருப்பதை முன்பே பார்த்து வைத்திருந்தேன். அதைக் கேட்டேன்.

"இல்லம்மா. இனிமே இங்கேர்ந்து ஒரு செடிகூட எடுக்க வேணாம்."

"நான்தான் எடுப்பேன். வேற யாரையும் கூட்டிட்டு வர மாட்டேன்."

"நீங்க நல்லவங்கதான். உங்க பேரச் சொல்லிக்கிட்டு நாளைக்கு யாரு வருவாங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் சொன்னதில் பிசகு ஒன்றும் இல்லை. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது. என் பேரை மலை வரைக்கும் கொண்டுபோய்க் கெடுத்துவிட்டு வந்திருந்தார் அந்தத் தங்கமான மனுஷர். இறங்கும் வழியெல்லாம் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே வந்தேன். கேட்க ஆளில்லாதது வசதியாக இருந்தது.

அதன்பின் நான் மலைக்குப் போகவில்லை. மதில் மரங்களோடு சரி. மூன்று வருஷம் கழித்து, அந்த அதிகாரி வேறு ஊருக்குப் போன பிறகு, என் கணவருக்குத் திருச்சிக்கே மாற்றல் கிடைத்தது. திரும்பி வந்த புதிதில் ஒரு காலை, மாடியில் நான் ஆலமரத்தை மண் மாற்றி நட்டுக்கொண்டிருந்தேன். அவர் எதிரில் குந்தி உட்கார்ந்து, கேட்காமலே மணல் சலித்துக் கொடுத்தார். ஒரு கூடை சலித்து முடித்ததும், "இன்னும் கோபமா?" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கூடை மணலைச் சலிக்கத் தொடங்கினார்.